எட்டடி விரியன் கடித்தால்



கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் ஊரில் பாம்புக்கு அறிமுகம் தேவையில்லை. நாம் எட்டடி விரியன் என்போம். சிங்கள அயலவர் தெல் கரவலா என்பார்கள். கடிபட்டவர் எட்டடி வைப்பதற்குள் உயிர் போகும் என்று அம்மம்மாமார் சொன்னார்கள். அது பிழை. பெரும்பாலும் சில மணித்தியாலங்கள் கையில் இருக்கும்.

இரவில், தரையில் பாய் விரித்துப் படுத்தவர்களைத்தான் அது அதிகம் கடிக்கிறது. வலியோ வீக்கமோ அநேகமாக இராது. விடியப்புறம் வயிறு நோகும். பிறகு கண் இமை விழும். நித்திரை போதாதென்று நினைத்துவிடுகிறோம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இறுக்கிக் கட்டவோ வெட்டவோ வேண்டாம். நுளம்பு வலையைப் பாயின் கீழ் செருகிப் படுப்பது நல்ல காவல்.

முள்ளந்தண்டு நரம்பு அறுந்தால் மூளையின் கட்டளை பாதிவழியில் நின்றுவிடும். இங்கே பாதை சரி. நரம்பு தசையைத் தொடும் கடைசி முனையை நஞ்சு சிதைக்கிறது. மூச்சுத் தசையும் ஓய்கிறது. விஷமுறிவு மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சைப் பிடிக்கும், சிதைந்த முனையைத் திருத்தாது. முனை தானாகத் திரும்ப வளரவேண்டும். அதுவரை, நாட்கணக்கில், இயந்திரம்தான் மூச்சு.

பயிற்சிக் காலத்தில் ஒரு சிறுமி. அசைவில்லை, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. "முடிந்துவிட்டது" என்று கட்டிலருகிலேயே சொல்லிவிட்டேன். வயதான தாதி ஒருவர் மட்டும் அவள் காதில் பேசிக்கொண்டேயிருந்தார். ஐந்தாம் நாள் விரல் அசைந்தது. குணமான பிறகு சொன்னாள், எல்லாம் கேட்டதாம். நான் சொன்னதும்.