மலையைப் பிளக்காத சீர்



வத்தலக்குண்டிலிருந்தும் பழனியிலிருந்தும் ஏறிவரும் இரு மலைச்சாலைகள் கூடுமிடம் பெருமாள்மலை. அங்கிருந்து கொடைக்கானலுக்குச் செல்வது ஒரே சாலை. தொகைச்சொல்லும் அத்தகையதே, இரு சொற்கள் கூடி ஒரு பொருளாய் நடப்பது. செய்யுளில் அதனை எங்கே பிரிப்பது என்பதே இன்று எண்ணத்தக்கது.

'பெருமாள்மலை' என்பதை அலகிட்டால் பெரு/மாள்/மலை; நிரை, நேர், நிரை; புளிமாங்கனி. வெண்பாவில் கனிச்சீர்க்கு இடமில்லை. ஆதலின் 'பெருமாள் மலைமேல்' என இரு சீராக்குவர். மாமுன் நிரை வருகிறது. தளையும் அமைகிறது, பெயரும் தன் மூட்டுவாயிலேயே பிரிகிறது.

'பழனிமலை' அவ்வாறன்று. பழ/னிம/லை, கருவிளங்காய். பழனியின் ஈற்றெழுத்தும் மலையின் முதலெழுத்தும் கைகோத்து ஓரசை ஆகின்றன. ஒரே சீருக்குள் அது குற்றமன்று. இரு சீராக்கும்போதே சிக்கல் எழுகிறது. 'பழனி மலைமேல்' என்றால் மாமுன் நிரை. 'பழனிம லைமேல்' என்றால் விளமுன் நேர். இரண்டும் இயற்சீர் வெண்டளையே. ஆனால் பின்னதில் மலை இரண்டாகப் பிளக்கிறது. பொருள் நோக்காது ஓசை நோக்கிச் சொல்லைச் சீர்தோறும் பிரிப்பதையே வகையுளி என்பர்.

டச்சு மொழியிலும் இச்சிக்கல் உண்டு. அங்கே தொகைச்சொற்களை இடைவெளியின்றி எழுதுவர். ஆயினும் அசை பிரிக்கையில் சொற்களின் எல்லையை மதிப்பர். முதன்மை அழுத்தம் பெரும்பாலும் முதற்சொல்லின்மேல் விழும். 'குவார்ட்-ஸ்லாகன்' எனப் பிரித்தால் கால் சுற்றுகள். 'குவார்ட்ஸ்-லாகன்' எனப் பிரித்தால் படிகக்கல் அடுக்குகள். எழுத்து ஒன்றே, பிரிப்பு வேறு. நம் 'பலகை', 'பல கை' ஆவது போல. தமிழில் பொருளை வேறாக்கும் சொல்லழுத்தம் இல்லை. நமக்கு எல்லை காட்டுவன புணர்ச்சியும் நிறுத்தமுமே. 'மலைப்பழம்' என்பதில் நடுவே மிக்க பகரமெய் இரு சொற்களையும் பிணைத்து நிற்கிறது.

1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து வெளியிட்ட பதிப்புகள் பழம்பாடல்களைப் பொதுவாசகர்க்கு எளிதாக்கின. அச்சில் அவ்வுதவி உண்டு, அரங்கில் இல்லை. கேட்பவர் கையில் ஏடு இல்லை. கவிஞரின் குரல் நிற்குமிடத்திலேயே அவர் பொருளைத் தேடுகிறார். பழம்புலவர்க்கு வகையுளி இசைந்ததே எனினும், இரு வழியும் தளைக்குப் பொருந்தும்போது சொல்லை முழுதாய்க் காக்கும் வழியைக் கொள்வதே இன்றைய கவிஞர்க்கு அழகு. தளை காப்பது புலமை; அதனோடு சொல்லையும் காப்பது கேட்போர்பால் கொண்ட அன்பு.