டிஜிட்டல் வளர்ச்சியும் காபன் கணக்கும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருந்துகொண்டே பலர் திரைவழியாக எம்மோடு இணைந்திருக்கிறீர்கள். ஒரு விமானப் பயணத்தின் புகையோடு ஒப்பிட்டால், இக்காணொளிக் கூட்டத்தின் காபன் மிக அற்பம். டிஜிட்டல் மயமாக்கலின் நல்ல முகம் இது.

2022ஆம் ஆண்டை மறந்திருக்கமாட்டீர்கள். எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். பின்னர் கியூ.ஆர். முறை வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். இருந்த கொஞ்சத்தைப் பங்கிட அது உதவியது. எரிபொருள் பாவனை குறைந்தது உண்மைதான். ஆனால் அவ்வாண்டு எமது பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. இல்லாமையால் குறைந்த புகையைச் சாதனை என்று எவரும் சொல்லமாட்டோம். வளர்ச்சியும் வேண்டும், புகையும் கூடக்கூடாது. இதற்கு டிஜிட்டல் வழிகாட்டுமா?

அயர்லாந்தைப் பாருங்கள். உலகின் பெரிய கணினி நிறுவனங்கள் அங்கே தரவு நிலையங்களை அமைத்தன. 2015இல் அந்நாட்டு மின்சாரத்தில் 5 சதவீதத்தை எடுத்த அந்நிலையங்கள், 2023இல் 21 சதவீதத்தை எடுத்தன. நகர்ப்புற வீடுகள் யாவும் சேர்ந்து பாவித்ததைவிட இது அதிகம். காற்றாலைகள் பெருகிய நாட்டிலேயே இந்த நிலை.

பொருளியல் படித்தவர்களுக்கு இது பழைய பாடம். நீராவி இயந்திரம் திருந்தியபோது நிலக்கரிப் பாவனை குறையாமல் கூடியதை ஜெவன்ஸ் 1865இலேயே எடுத்துக்காட்டினார். ஒரு பொருள் மலிவானால் அதை அதிகம் பாவிப்பது மனித இயல்பு. எனவே மிச்சம் பிடித்தால் மட்டும் போதாது. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எமது நாட்டில் மழை பெய்தால் நீர்மின்சாரம் கைகொடுக்கும். மழை பொய்த்தால் நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெயுமே கதி.

இனி எங்கள் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். நூற்றாண்டு அன்பளிப்பாகப் பாடசாலைக்குப் புதிய கணினிகள் கொடுக்க வேண்டும் என்று பலர் விரும்புகிறீர்கள். பிள்ளைகளுக்கு அவை தேவைதான். ஆனால் ஒரு மடிக்கணினியின் காபன் சுமையில் பெரும்பங்கு, அதை உற்பத்தி செய்யும்போதே வந்துவிடுகிறது. ஆகவே சேரும் பணத்தில் ஒரு பகுதியை, இருக்கும் கணினிகளைத் திருத்துவதற்கு ஒதுக்குவோம். இன்னொரு பகுதியில் கூரையில் சூரியப்படல்கள் பொருத்துவோம். வெயில் எறிக்கும் நேரமும் வகுப்பு நடக்கும் நேரமும் ஒன்றுதானே! மின்கட்டணத்தில் மிஞ்சும் பணம் ஆண்டுதோறும் பாடசாலைக்கே திரும்பி வரும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ நட்ட மரங்களின் நிழலில் நாம் படித்தோம். அடுத்த நூற்றாண்டின் பிள்ளைகளுக்கும் நாம் ஏதாவது விட்டுச்செல்ல வேண்டும்.