ஆகாயத்தில் அடக்கம்



2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தருகே ட்ரோன் தென்பட்டதென்ற செய்தியால் சுமார் 1,000 விமானங்கள் தடைப்பட்டன. சந்தேகத்தின்பேரில் பிடிபட்ட தம்பதிகள் சம்பந்தமற்றவரென விடுவிக்கப்பட்டனர். செய்தவர் இன்றளவும் அகப்படவில்லை. எனினும் விளையாட்டாய்ப் பறக்கவிடுவோர் அனைவர்மீதும் பழி படிந்தது.

அப்பழி நம் வாலிபரையும் பற்றாதிருக்க வழி யாது? நம் தேசத்து 2021ஆம் வருஷத்து விதிகளை அனுசரித்தலேயாம். பறக்கவிடுமுன் சர்க்கார் வரைபடத்தைப் பார்த்தல் வேண்டும். பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி உயரம்வரை தடையில்லை; விமான நிலையத்தை நெருங்க அவ்வெல்லை குறையும். மஞ்சள், சிவப்பு மண்டலங்களில் அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது. அயலார் முற்றத்தை எட்டிப் பார்த்தலும் தகாது.

பெற்றோர்களே! கருவியை வாங்கிக் கொடுக்கும் அன்றே இவ்விதிகளையும் பிள்ளைகளுக்குப் போதிப்பீராக.