அவரைக்கொடி ஏன் மஞ்சளானது?

(மொட்டை மாடித் தோட்டக் குழுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை பேசியது)

முதலில் ஒரு மன்னிப்பு. போன மாசியில் மாடியில் அவரைக்கொடிகள் மஞ்சளானபோது, "நோய் வந்துவிட்டது, பிடுங்கிவிடுங்கள்" என்று தோட்டக்காரரிடம் சொன்னது நான்தான். பி பிளாக் பாட்டி விதைக்காக முற்றவிட்டிருந்த காய்களும் அதோடு குப்பைக்குப் போய்விட்டன. ஊரிலிருந்து அவர் கொண்டுவந்து வருஷாவருஷம் காப்பாற்றிய விதை. இத்தனை வருஷம் பாடம் நடத்தியவள் செய்திருக்கக் கூடாத தவறு. கொடிக்கு நோயே இல்லை.

பயறு வகை விதைகளில் புரதம் அதிகம். 100 கிராம் அரிசியில் 7 கிராம் என்றால் உளுந்தில் சுமார் 24 கிராம். புரதத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். அப்படிப் பார்த்தால் ஒரு கிலோ உளுந்தில் சுமார் 38 கிராம் நைட்ரஜன். 80 கிராம் யூரியாவில் இருக்கும் அளவு அது.

இதைச் செடி எங்கே தேடும்? வேர் முடிச்சிலுள்ள ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. சும்மா இல்லை, இலை தயாரிக்கும் சர்க்கரையைக் கூலியாக வாங்கிக்கொண்டுதான். விதை திரளத் தொடங்கியதும் சர்க்கரையில் பெரும்பங்கு அங்கே போகிறது. முடிச்சுக்குக் கூலி குறைகிறது, நைட்ரஜன் வரத்தும் குறைகிறது. விதையின் பசியோ அப்போதுதான் உச்சம். வேறு வழியில்லாமல் செடி தன் இலையிலேயே கை வைக்கிறது. இலைப் புரதத்தை உடைத்து விதைக்கு அனுப்புகிறது. பெரும்பாலும் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். நான் பார்த்தது அதைத்தான்.

1975இல் சின்க்ளேர், டி விட் என்ற இரு விஞ்ஞானிகள், சோயா போன்ற செடிகள் விதைக்காகத் தம்மையே அழித்துக்கொள்கின்றன என்று எழுதினார்கள். சோயாவில் காய்களை விடாமல் கிள்ளிவந்தால் இலை நெடுநாள் பச்சையாகவே நிற்கும். (பச்சையாக நின்றாலும் உணவு தயாரிக்கும் வேகம் குறைந்துவிடும். அது தனிக்கதை.)

கொடி அவரை சோயா போல ஒரேயடியாகக் காய்த்து ஓய்வதில்லை. பூ, பிஞ்சு, முற்றல் எல்லாம் ஒரே கொடியில் இருக்கும். பிஞ்சாகப் பறித்தால் அந்தச் சத்து அடுத்த பூவுக்குப் போகும். முற்றவிட்டால் விதைக்குப் போகும். பொரியலுக்குக் காய் கேட்பவர்களுக்கும் விதை கேட்பவர்களுக்கும் மாடியில் நடக்கும் சண்டைக்குக் காரணம் இதுதான்! என் யோசனை: இரண்டு கொடிகளில் சிவப்புத் துணி கட்டி விதைக்கென்று விட்டுவிடுவோம். அவற்றில் யாரும் பறிக்க வேண்டாம், மஞ்சளானால் பதறவும் வேண்டாம். ஆனால் இளம் இலைகளில் திட்டுத்திட்டாக மஞ்சள் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அந்தக் கொடியைத் தயங்காமல் எடுத்துவிடலாம்.

"பயறு போட்டால் மண்ணுக்கு உரம்" என்பார்கள். பாதிதான் உண்மை. சோயாவில் அறுவடைக்குள் செடியின் நைட்ரஜனில் முக்கால் பங்கு வரை விதைக்குள் போய்விடுகிறது. மிஞ்சுவது பெரும்பாலும் வைக்கோல் மாதிரி. அதனால்தான் விவசாயிகள் தக்கைப்பூண்டையும் சணப்பையும் பூக்கும் தருணத்திலேயே மடக்கி உழுகிறார்கள். நம் காலிப் பைகளில் தட்டைப்பயறு போட்டு, பூ தலைகாட்டியதும் வெட்டி மண்ணோடு கலந்துவிடலாம். காய்க்கு ஆசைப்பட்டு நிறுத்தினால் மண்ணுக்குக் கிடைப்பது குறையும்.

யூரியா மட்டும் வேண்டாம். மண்ணிலேயே நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். கொடி தழைக்கும், காய் இருக்காது.

ஆடியில் விதைக்க வேண்டும். பாட்டியிடம் விதை இல்லை, என்னால். ஊருக்குப் போகிறவர்கள் யாராவது நாட்டு அவரை விதை கிடைத்தால், பத்து மணி இருந்தாலும் போதும், வாட்ச்மேன் அறையில் கொடுத்துவிடுங்கள். முதல் கைப்பிடி பாட்டிக்கு.