ஊரின் ஆடுகளமும் நம் குழந்தைகளும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒருங்கு கூடும் இந்நன்னாளில், புதுப்பிக்கப்பெற்ற ஒரு கால்பந்து அரங்கத்தைப் பற்றிப் பேச விழைகிறேன். இயலும் இசையும் நாடகமும் முழங்கும் மேடையில் பந்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நகர மக்கள் அனைவர்க்கும் பொதுவான நிலத்தின் கதை அது. அந்நிலத்தில் நம் குழந்தைகளுக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையை நாம் கேட்டுப் பெறுகிறோமா என்பதே என் கேள்வி.

சென்னை சென்ட்ரல் நிலையத்தை அடுத்து நிற்கிறது ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம். அது நிற்கும் நிலம் ஒரு காலத்தில் மக்கள் பூங்காவாக இருந்தது. 1859-60-ல் ஆளுநராயிருந்த சர் சார்ல்ஸ் டிரெவெல்யன் நகர மக்கள் உலாவி மகிழ்வதற்கென வகுத்த பூங்கா அது. பின்னர் அந்நிலத்திலேயே மூர் மார்க்கெட் எழுந்தது. 1913-ல் ரிப்பன் மாளிகை எழுந்தது. பொது நிலம் சிறிது சிறிதாகச் சுருங்கிய போதும், விளையாட்டுக்கென ஒரு பகுதி எஞ்சிற்று. நகராட்சி அமைத்த அரங்கமாதலின் மக்கள் அதனைக் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்றே அழைத்தனர்.

கிரிக்கெட்டும் அங்கே அரசோச்சியதுண்டு. 1956 முதல் 1965 வரை ஒன்பது டெஸ்ட் ஆட்டங்கள் அங்கு நடைபெற்றன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தது அவ்வரங்கில்தான். 2008 வரை அச்சாதனையை எவரும் விஞ்சவில்லை. பின்னர் டெஸ்ட் ஆட்டங்கள் சேப்பாக்கத்திற்குத் திரும்பின.

1993-ல் பழைய அரங்கு புத்துருப் பெற்றது. சுமார் 40,000 பேர் அமரும் வண்ணம் எழுந்த அப்புதிய அரங்கில் அவ்வாண்டே நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டி நடைபெற்றது. 1995-ல் தெற்காசிய விளையாட்டு விழாவும், 2014 முதல் இந்தியன் சூப்பர் லீக் ஆட்டங்களும் அங்கு நடைபெற்றன. அருகே உள்ளரங்கமும் அமைந்து, அது ஒரு விளையாட்டு வளாகமாகவே விளங்குகிறது.

அன்பர்களே, அரங்கத்தைப் புதுப்பித்தல் என்றதும் நம் கண் மேற்கூரையையும் விளக்குக் கம்பங்களையும் நாடுகிறது. மெய்யான வேலையோ மண்ணுக்கடியில் நடைபெறுகிறது. பன்னாட்டு ஆட்டங்களுக்குரிய கால்பந்துக் களம் பொதுவாக 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. அப்பரப்பில் பெய்யும் மழைநீர் தேங்காது வடிவதற்குக் குழாய்களும் சரளையும் மணலும் முறையாக அடுக்கப்பட வேண்டும். அதன்மேல் வளரும் புல்லுக்கு நீர் வேண்டும். ஆட்டத்திற்கு ஆட்டம் ஓய்வும் வேண்டும். செயற்கைப் புல்லுக்கு ஓய்வு வேண்டாவெனினும், கோடை வெயிலில் அது கால் வைக்க இயலாதபடி கொதிக்கும். நம் சித்தூர்ச் சீமையின் சித்திரை வெயிலை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. செம்மையாகப் பேணப்படும் களத்தில் எந்நாளும் எல்லாரும் ஆடுதல் இயலாது. புல்லைக் காக்க வாயிற்கதவைப் பூட்டுதல் நியாயமே. ஆனால் அப்பூட்டுக்கு வெளியே நிற்கும் சிறுவன் எங்கே ஆடுவான்? ஆதலின், நகராட்சி எதுவாயினும், போட்டிக் களத்தைப் புதுப்பிக்கும்போதே அதனருகில் பூட்டில்லாப் பயிற்சித் திடல் ஒன்றையும் அமைத்தல் வேண்டும். அஃதில்லையேல், பல்லாயிரவர் அமர்ந்து பார்க்க இடமிருக்கும். ஒரு குழந்தை ஓடி ஆட இடமிராது.

திறமை பிறப்பது திடலில்தான் என்பதற்கு நம்மவர் ஒருவரின் வாழ்வே சான்று. துளசிதாஸ் பலராம் செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். நம் குழந்தைகளைப் போன்றே தெலுங்கு மண்ணில் வளர்ந்த பிள்ளை. ஐதராபாத்தில் சையத் அப்துல் ரஹீம் என்னும் பயிற்சியாளரின் கண்ணில் பட்டார். ரஹீம் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவர். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற இந்திய அணியில் பலராம் இருந்தார். 1960-ல் ரோமில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தார். 1962-ல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என வென்று ஆசியத் தங்கம் கொணர்ந்த அணியிலும் அவர் இருந்தார். 2023-ல் அவர் மறைந்தபோது நாடு முழுவதும் வருந்திற்று. தமிழர் வீட்டுப் பிள்ளை; ஐதராபாத்தின் மாணவர்; இந்தியாவின் வீரர். இம்மூன்றும் அவரிடம் முரணின்றிப் பொருந்தின.

நாம் வாழும் இந்நிலம் கோடுகளை நன்கறிந்த நிலம். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953-ல் அது ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்திற்குச் சென்றது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வரைபடத்தில் இழுத்த கோடுகள் மனிதரைப் பிரித்ததுண்டு. ஆடுகளத்தில் சுண்ணாம்பினால் இடும் கோடோ இரு அணியினரையும் ஒரே விதிக்குள் கூட்டி வைக்கிறது. அக்கோட்டுக்குள் நுழையும் பிள்ளையை, "உன் வீட்டில் எம்மொழி பேசுவர்?" என்று எவரும் வினவுவதில்லை, "பந்தைத் தா" என்றே கேட்கின்றனர்.

ஆகவே சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். பெண் குழந்தைகளை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். அடுத்து, நகராட்சியாரிடம் நம் காலனிக்கென்று தனியே எதுவும் கேளாமல், அண்டை வீட்டுத் தெலுங்குப் பெற்றோரையும் உடன் அழைத்துச் சென்று, ஊர்ப் பிள்ளைகள் அனைவர்க்குமாக ஆடுகளம் கேளுங்கள். ஒரு சமூகம் தனித்து நின்று கேட்டால் அது சலுகையாகத் தோன்றும். ஊரே கூடிக் கேட்டால் அது உரிமையாகும்.

தமிழ் நம் வீட்டில் தழைக்கட்டும். நம் பிள்ளைகளின் கால்கள் இவ்வூர் மண்ணில் உறுதியாக ஊன்றட்டும். தாய்மொழியை மறவாத பிள்ளை, தான் ஆடி வளர்ந்த ஊரையும் மறவான். அடுத்த ஆண்டு விழாவில் நம் பிள்ளைகளும் அண்டை வீட்டாரின் பிள்ளைகளும் ஓரணியாய் நின்று பரிசு பெறும் காட்சியைக் காணும் பேறு நமக்கு வாய்க்குமாக!