யார் சொன்னாங்க? ஏன் சொன்னாங்க?

(திருக்கழுக்குன்றத்தில் நடந்த குழுத் தலைவிகள் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். உங்கள் குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதிக்கலாம்.)



சதுரங்கப்பட்டினத்திலிருந்தும் நெரும்பூரிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். வேலையை விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

தேர்தல் வந்தால் நமக்கு யோசனை சொல்ல நிறைய பேர் வருவார்கள். டி.வி.யில் நடிகர் சொல்வார். குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்து கூடிச் சொல்லும். சாதிச் சங்கத் தலைவர் சொல்வார். வீட்டில் வீட்டுக்காரர் சொல்வார். "இன்னாருக்கு எங்க ஆதரவு, நீங்களும் அவருக்கே போடுங்க" என்பதுதான் எல்லோர் பேச்சும். இந்தச் சொல்லைக் கேட்கலாமா, கூடாதா? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எந்தக் கட்சிக்காகவும் நான் இங்கே நிற்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரே குரல், இரண்டு முடிவு

உங்களில் வயதில் மூத்தவர்களுக்கு 1996 தேர்தல் ஞாபகம் இருக்கும். ஜெயலலிதா மறுபடி ஆட்சிக்கு வந்தால் தமிழ்நாட்டை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது என்று நடிகர் ரஜினிகாந்த் சொன்னார். தி.மு.க.வும் மூப்பனார் ஐயாவின் த.மா.கா.வும் சேர்ந்த கூட்டணிக்கு ஆதரவு கொடுத்தார். அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. 4 தொகுதியில்தான் ஜெயித்தது. ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். "பார்த்தியா, ரஜினி ஒரு வார்த்தை சொன்னார், ஆட்சியே மாறிடுச்சு" என்று ஊரெல்லாம் பேச்சு.

அப்புறம் 2004 நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. அதே ரஜினிகாந்த். அப்போது அவருக்கும் பா.ம.க.வுக்கும் பிணக்கு. 2002-ல் அவருடைய 'பாபா' படம் வந்தபோது, புகை பிடிக்கிற காட்சிகளை பா.ம.க. எதிர்த்தது. தியேட்டர்களில் தகராறு நடந்தது. அதனால் பா.ம.க. போட்டியிட்ட ஆறு தொகுதிகளில் ரசிகர்கள் அந்தக் கட்சிக்கு எதிராக வேலை செய்யலாம் என்று அறிவித்தார். நதிகளை இணைப்போம் என்று சொன்னதால் தன் ஓட்டு பா.ஜ.க.வுக்குத்தான் என்றும் சொன்னார்.

அந்த ஆறு தொகுதியில் ஒன்று எது தெரியுமா? நம்ம செங்கல்பட்டுதான்! அப்போது செங்கல்பட்டு என்றே ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. 2009-ல்தான் காஞ்சிபுரம் தொகுதி ஆனது. முடிவு என்ன ஆச்சு? பா.ம.க. ஆறிலும் ஜெயித்தது, செங்கல்பட்டிலும் ஜெயித்தது. தமிழ்நாட்டின் 39 இடத்திலும் தி.மு.க. கூட்டணிதான் வந்தது.

அதே மனிதர், அதே ரசிகர்கள். எட்டு வருஷத்தில் குரல் தேய்ந்துவிட்டதா? அப்படி நான் நினைக்கவில்லை. 1996-ல் ஜனங்கள் ஏற்கெனவே கோபத்தில் இருந்தார்கள். அவர்கள் மனசில் இருந்ததையே அவரும் சொன்னார். 2004-ல் நிலைமை வேறு. 2003-ல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள் லட்சத்துக்கும் மேலானவர்களை வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். விவசாயிகளின் இலவச மின்சாரம் நின்றிருந்தது. மழையும் பொய்த்திருந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லாதவளிடம் சினிமாச் சண்டையைச் சொன்னால் எடுபடுமா? நம் ஜனங்கள் அவர் படத்துக்குப் போனார்கள், கை தட்டினார்கள், ஓட்டை மட்டும் யோசித்துப் போட்டார்கள். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

நான் செய்த தப்பு

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2021 அக்டோபரில் நம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஒரு கிராமத்தில் வார்டு உறுப்பினர் பதவிக்கு நம் குழு அக்கா ஒருவர் நின்றார். ஊர் பேர் வேண்டாம். நான் அங்கே கூட்டத்துக்குப் போனபோது, கிளம்புகிற நேரத்தில், "நம்ம அக்கா நிக்கறாங்க, பார்த்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அது "கூட்டமைப்பே சொல்லிடுச்சாம்" என்று ஆகிவிட்டது.

எதிர்த்து நின்றவரும் நம் உறுப்பினர்தான், பக்கத்துத் தெருக் குழு. அடுத்த மாதம் அந்தக் குழுவில் பாதிப் பேர் கூட்டத்துக்கு வரவில்லை. சந்தா நின்றது. உள்கடன் தவணை நின்றது. "மேடம் ஒரு பக்கம் ஆயிட்டாங்க, இனி அவங்ககிட்ட கணக்கு காட்ட மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். பல வருஷம் பாடுபட்டுச் சேர்த்த குழு, என் ஒரு வார்த்தையில் ஆடிப்போனது. வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுத்தான் மறுபடி உட்கார வைத்தேன்.

அதைவிட வலித்தது இன்னொன்று. ஒரு வயதான அம்மா என்னிடம் சொன்னார்: "நீங்க சொன்னீங்கன்னுதான் மேடம் போட்டேன். போடலைன்னா அடுத்த கடன் ஃபாரத்துல கையெழுத்து போடுவீங்களோ மாட்டீங்களோன்னு ஒரு பயம்."

நான் மிரட்டவில்லை. ஆனால் அவருக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டிருக்கிறது. நம் கையில் ஒருத்தருடைய காரியம் இருக்கும்போது, நாம் சொல்கிற யோசனை யோசனையாகப் போய்ச் சேராது, உத்தரவாகத்தான் போய்ச் சேரும். ஊக்குநர்களே, தலைவிகளே, இது உங்களுக்கும் பொருந்தும்.

அன்று ராத்திரி என்னையே கேட்டுக்கொண்டேன்: அந்த அக்காவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நோட்டு சுத்தமாக எழுதுவார், போனால் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். அவ்வளவுதான்! எதிர்த்து நின்றவரைப் பற்றி நான் விசாரிக்கவே இல்லை.

கடன் கொடுக்கிற மாதிரி ஓட்டும் கொடுங்கள்

அப்படியானால் யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே என்கிறேனா? இல்லை. நமக்கு எல்லாம் தெரியாது. விவரம் தெரிந்தவரைக் கேட்பதில் தப்பில்லை. ஒரு டீச்சர், "ஸ்கூல் கட்டடம் இடிஞ்சப்போ இவர்தான் நாலு தடவை கலெக்டர் ஆபீஸுக்கு அலைஞ்சார்" என்று சொன்னால் அது நமக்கு ஒரு தகவல். உண்மையா என்று விசாரித்துப் பார்க்க முடியும். "நம்ம ஆளு, அதனால போடு" என்பதில் விசாரிக்க என்ன இருக்கிறது?

நம் குழுவில் ஒருத்தி இருபதாயிரம் கடன் கேட்கிறாள். "தலைவி சிபாரிசு பண்ணாங்க" என்று உடனே கொடுத்துவிடுகிறோமா? எதுக்குக் கேட்கிறே, எப்படிக் கட்டுவே, பழைய பாக்கி இருக்கா என்று மூன்று கேள்வி கேட்கிறோம். தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம். இருபதாயிரத்துக்கே இத்தனை கேள்வி கேட்கிற நாம், ஐந்து வருஷத்தை ஏன் கேட்காமல் தூக்கிக் கொடுக்கிறோம்?

வேட்பாளரிடமும் அதே மூன்றைக் கேளுங்கள். எதுக்கு நிக்கறீங்க? சொன்னதை எப்படிச் செய்வீங்க? போன தடவை சொன்னதில் என்ன பாக்கி?

சிபாரிசு செய்கிறவரிடமும் மூன்று கேள்வி உண்டு. என்ன காரணம்? இவர் ஜெயித்தால் உங்களுக்கு என்ன ஆதாயம், அல்லது எதிராளியோடு உங்களுக்கு என்ன பிணக்கு? நாளைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் எங்களோடு வந்து கேட்பீர்களா? குழுக் கடனில் தவணை தவறினால் சிபாரிசு செய்தவளுக்கும் பொறுப்பு உண்டு. ஓட்டில் சிபாரிசு செய்தவருக்கு ஒரு பைசா பொறுப்பு கிடையாது. தவணை முழுக்க நம் தலையில்தான்.

சட்டம் நம் பக்கம்

சுப்ரீம் கோர்ட் 2002, 2003 தீர்ப்புகளால், சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்கள் தங்கள் மேல் உள்ள வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். அது தேர்தல் ஆணைய இணையதளத்தில் இருக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் செல்போனில் எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். குற்ற வழக்கு உள்ளவர்கள் அதைப் பேப்பரிலும் டி.வி.யிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்று 2018-ல் தீர்ப்பு வந்தது.

"போடலைன்னா ஊரை விட்டுத் தள்ளி வைப்போம்", "சாமி குத்தம் ஆயிடும்" என்று வேட்பாளரோ, அவர் சம்மதத்தோடு இன்னொருவரோ பயமுறுத்தினால், 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி அது தேர்தல் ஊழல். பணம் கொடுப்பதும் அப்படித்தான். சாதி, மதம் சொல்லி ஓட்டுக் கேட்பதும் ஊழல்தான் என்று 2017-ல் ஏழு நீதிபதிகள் அமர்ந்த சுப்ரீம் கோர்ட் அமர்வு சொல்லியிருக்கிறது. சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்குகிறார்களே, எந்தச் சட்டத்திலும் அதற்கு மதிப்பில்லை. யாருக்குப் போட்டாய் என்று கேட்டுச் சொல்ல வைக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது, கட்டின புருஷனுக்கும் சேர்த்துத்தான்!

நாம் என்ன செய்யலாம்?

ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். கூட்டமைப்பின் பேரில், குழுவின் பேரில் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு கொடுப்பதில்லை. தலைவி தன் சொந்தக் கருத்தைச் சொல்லலாம். ஆனால் கூட்டத்தில் வேண்டாம், கடன் ஃபாரம் கையில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். வேட்பாளர்கள் கூட்டத்துக்கு வரட்டும், ஆனால் எல்லோரையும் கூப்பிடுவோம். அவர்கள் பேசுவதற்கு முன்னால் நாம் கேள்வி கேட்போம். தண்ணீர், ரேஷன், பஸ், ஊரக வேலைத் திட்டக் கூலி, டாஸ்மாக் என்று எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்போம். பதிலை நோட்டில் எழுதுவோம். அடுத்த தேர்தலில் அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவோம்.

அதற்குப் பிறகு ஓட்டுச்சாவடியில் நீங்கள் தனியாகத்தான் நிற்பீர்கள். அங்கே நடிகர் வர மாட்டார், நாட்டாமை வர மாட்டார், நானும் வர மாட்டேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நீங்கள் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை.

தீர்மானத்தை உங்கள் குழுக்களில் வாசித்துப் பேசி, சரியென்று பட்டால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். மேடம் சொன்னார் என்பதற்காகப் போடாதீர்கள்.