பெயர் கேட்காத மாடி



1970களில் வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டில் மாலை ஆறு மணி ஆனால் கடைவீதி அடங்கிவிடும். நகரத்தின் மையத்தைச் சுற்றி இரும்பு வேலியும் கதவுகளும் போட்டிருந்தார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரின் கைப்பையையும் திறந்து பார்த்து, உடம்பைத் தடவிச் சோதித்த பிறகுதான் விடுவார்கள். பகலில் துணிமணி வாங்க வந்தவர்கள் இருட்டுவதற்குள் அவரவர் பேட்டைக்குத் திரும்பிவிடுவார்கள். ஃபால்ஸ் சாலைப் பக்கம் கத்தோலிக்கர்கள், ஷாங்கில் சாலைப் பக்கம் புராட்டஸ்டண்டுகள், நடுவே 1969 முதல் எழும்பத் தொடங்கிய தடுப்புச் சுவர்கள். பள்ளிக்கூடம் தனி. விளையாட்டு தனி. ஏறிப் போகிற கறுப்பு டாக்சிகூடத் தனி.

அயர்லாந்துக் குடியரசோடு சேர வேண்டும் என்றவர்களுக்கும் (பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்), பிரிட்டனோடுதான் இருப்போம் என்றவர்களுக்கும் (பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள்) நடுவே ஏறத்தாழ 30 ஆண்டுகள் மோதல் நடந்தது. சுமார் 3,500 பேர் இறந்தார்கள். அந்தப் பிளவுக்குள் வளர்ந்த பிள்ளைகள், 1978இல் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய பாரின் மாடியில் கிட்டார் சத்தத்துக்கு நடுவே ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

அன்றைய பெல்ஃபாஸ்டில் ஒரு பாருக்குள் நுழைவது சாதாரணச் செயல் அல்ல. 1971 டிசம்பர் 4ஆம் தேதி, கத்தோலிக்கர் பகுதியில் இருந்த மெக்கர்க்ஸ் பார், பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழுவான யு.வி.எஃப். வைத்த குண்டில் இடிந்து விழுந்தது. 15 பேர் இறந்தார்கள். 1975 ஆகஸ்ட் 13ஆம் தேதி, ஷாங்கில் சாலையின் பயார்டோ பாரை, அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற தரப்பின் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. தாக்கியது. அங்கே 5 பேர். இரண்டு பக்கமும் பாரைக் குறிவைத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அங்கே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பாருக்கு ஒரு சமூகம். அதனால் பல பார்களின் வாசலில் கம்பிக்கூண்டு கட்டி, மணியடித்தவரின் முகத்தைப் பார்த்த பிறகே கதவைத் திறந்தார்கள்.

பாட்டு மட்டும் வெகுகாலம் எல்லை பார்க்காமல் பயணம் செய்துகொண்டிருந்தது. தெற்கே டப்ளினிலிருந்து ஷோபேண்ட் எனப்படும் நடன இசைக்குழுக்கள் வடக்கே வந்து ஆடல் அரங்குகளில் வாசித்துவிட்டு, நள்ளிரவில் வேனில் ஊர் திரும்பும். அப்படி வந்த குழுக்களில் புகழ்பெற்றது மயாமி ஷோபேண்ட். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் இரு தரப்பினரும் அதில் வாசித்தார்கள்.

1975 ஜூலை 31 அதிகாலை. பான்பிரிட்ஜில் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு அவர்கள் டப்ளின் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நியூரிக்கு அருகே ராணுவ உடையில் இருந்த சிலர் வேனை நிறுத்தினார்கள். சோதனை என்றால் அன்று யாருக்கும் புதிதில்லை. இறங்கி, சாலையோரம் வரிசையாக நின்றார்கள். நிறுத்தியவர்கள் யு.வி.எஃப். ஆட்கள், அவர்களில் சிலர் உண்மையிலேயே பிரிட்டிஷ் ராணுவத்தின் உள்ளூர்ப் படைப்பிரிவைச் சேர்ந்த சிப்பாய்கள். வேனுக்குள் ரகசியமாகக் குண்டு வைத்து அனுப்பினால் வழியில் வெடிக்கும், இசைக்கலைஞர்களே குண்டு கடத்தினார்கள் என்று உலகம் நம்பும் என்பது திட்டம். குண்டு வைக்கும்போதே வெடித்தது. வைத்தவர்கள் இருவர் அங்கேயே இறந்தார்கள். மற்றவர்கள் இசைக்கலைஞர்களை நோக்கிச் சுட்டார்கள். பாடகர் ஃபிரான் ஓ'டூல், கிட்டார் கலைஞர் டோனி ஜெராட்டி, டிரம்பெட் கலைஞர் பிரையன் மெக்காய் மூவரும் கொல்லப்பட்டார்கள். மெக்காய் வடக்கில் பிறந்த புராட்டஸ்டண்ட்.

அதன் பிறகு வெளியூர்க் குழுக்கள் வடக்கே வர அஞ்சின. கிட்டார் கலைஞர் ரோரி கேலகர் போன்ற சிலர் மட்டுமே விடாமல் பெல்ஃபாஸ்டுக்கு வந்து வாசித்தார்கள். இளைஞர்கள் அதை மறக்கவே இல்லை.

1977 அக்டோபர் 20ஆம் தேதி, பங்க் எனப்படும் முரட்டு ராக் இசையை வாசித்த லண்டன் குழுவான ‘தி கிளாஷ்’ பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் ஹாலில் வாசிப்பதாக இருந்தது. காப்பீடு ரத்தானதால் கடைசி நேரத்தில் நிகழ்ச்சி நின்றுபோனது. கையில் டிக்கெட்டோடு பெட்ஃபோர்டு தெருவில் கூடியிருந்த பிள்ளைகள் கொதித்துப்போனார்கள். காவல்துறையோடு தள்ளுமுள்ளு ஆனது. ஆனால் அன்றைக்கு அந்தத் தெருவில் வேறொன்றும் நடந்தது. கிழிந்த சட்டை, ஊசி குத்திய கோட்டு, முள்ளாக நிறுத்திய தலைமுடி என்று தன்னைப் போலவே இத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறார்களா என்று ஒவ்வொருவரும் சுற்றிப் பார்த்தார்கள். அவர்கள் எல்லாப் பேட்டைகளிலிருந்தும் வந்திருந்தார்கள். கூடுவதற்கு ஓர் இடம்தான் இல்லை.

அந்த இடம் ஹில் தெருவில் கிடைத்தது. பெயர் ஹார்ப் பார். கற்கள் பாவிய குறுகலான தெரு, பக்கத்தில் பழைய கிடங்குகள். இரவில் யாரும் போகாத பகுதி என்பதால் அதை எந்தத் தரப்பும் தன்னுடையது என்று கொண்டாடவில்லை. ஆள் வரத்து இல்லாத பாருக்குக் கூட்டம் வேண்டும், பிள்ளைகளுக்கு மேடை வேண்டும். 1978 ஏப்ரலில் மாடியில் பங்க் கச்சேரி தொடங்கியது. விக்டிம், ரூடி, அவுட்காஸ்ட்ஸ், ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் என்று உள்ளூர்க் குழுக்கள் அங்கே வாசித்தன. அங்கே அழகு ஏதும் இல்லை. பியர் சிந்திய தரை, நெரிசல், வியர்வை, காதை அடைக்கும் ஒலி. மூன்று கிட்டார் பிடிகள் தெரிந்தால் மேடையேறலாம். இன்று கீழே குதித்து ஆடியவர் அடுத்த மாதம் தன் குழுவோடு மேலே நிற்பார்.

பெல்ஃபாஸ்டில் அறிமுகம் ஆகிறவர்கள் முதலில் பெயரைக் கேட்பார்கள், அடுத்து படித்த பள்ளியை. இந்த இரண்டு பதிலிலேயே எதிரில் நிற்பவர் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். ஹார்ப் பாரின் மாடியில் வேறு கேள்வி கேட்டார்கள்: எந்தக் குழு பிடிக்கும்? பதினாறு, பதினேழு வயது வரை மறுதரப்பு ஆள் ஒருவரோடுகூடப் பேசாமல் வளர்ந்தவர்கள் அவர்களில் பலர். போதனையோ சமரசக் கூட்டமோ எதுவும் இல்லாமல், பிடித்த பாட்டைப் பற்றி வாதாடியே நண்பர்களானார்கள். பெரியவர்கள் எத்தனையோ மாநாடு போட்டும் நடக்காத காரியம் இது.

இந்தப் பிள்ளைகளுக்குத் துணை நின்றவர் டெர்ரி ஹூலி. சிறுவயதில் அம்பு பட்டு ஒரு கண்ணை இழந்தவர். குண்டுவெடிப்புக்குப் பேர்போன கிரேட் விக்டோரியா தெருவில் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ என்று இசைத்தட்டுக் கடை வைத்தார். பவுண்ட் என்ற இன்னொரு பாரில் ரூடி குழுவைக் கேட்டவர், இவர்களுக்கு இசைத்தட்டு போட யாரும் இல்லையே என்று தாமே போடத் துணிந்தார். ஒட்டிய உறை செய்ய வழி இல்லை. பெரிய தாளில் அச்சடித்து, கையாலேயே மடித்து உறையாக்கினார்கள். மடிக்க உட்கார்ந்தவர்கள் குழுக்களில் வாசித்தவர்களும் அவர்களின் நண்பர்களும்தான்.

அந்த உறைகளில் ஒன்றுக்குள் இருந்தது டெரி நகரக் குழுவான ‘அண்டர்டோன்ஸ்’ பாடிய ‘டீனேஜ் கிக்ஸ்’. 1978 ஜூனில் பெல்ஃபாஸ்டில் பதிவானது. செப்டம்பரில் பி.பி.சி. வானொலித் தொகுப்பாளர் ஜான் பீல் அதை ஒலிபரப்பினார். முடிந்த கையோடு, அதே பாட்டை இன்னொரு முறை போட்டார். வானொலியில் அப்படிச் செய்வது அரிது. துப்பாக்கிச் செய்தியாக மட்டுமே வெளியுலகம் அறிந்த ஒரு பகுதியிலிருந்து வந்த காதல் பாட்டு அது.

இந்தக் குழுக்களுக்குள்ளேயே ஒரு சண்டை இருந்தது. ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் குழு குண்டையும் சோதனைச் சாவடியையும் இரு தரப்பு ஆயுதக்காரர்களையும் நேராகப் பாடியது. ஊரின் துயரத்தை விற்கிறார்கள் என்று மற்றவர்கள் குறை சொன்னார்கள். அண்டர்டோன்ஸோ பெரும்பாலும் மோதலைத் தொடவில்லை. பெண்பிள்ளைகளையும் கோடைகாலத்தையும் பாடினார்கள். அது தப்பித்தல் என்றார்கள் சிலர். இரண்டு வகைப் பாட்டும் தேவைப்பட்டது என்றே தோன்றுகிறது. பதினேழு வயதுப் பிள்ளை, தெருவில் சிப்பாய் நிற்கும்போதும், காதலைப் பற்றிப் பாடும் உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்ததும் ஓர் எதிர்ப்புதான்.

ஹார்ப் பார் மோதலை நிறுத்தவில்லை. கச்சேரி முடிந்து வெளியே வந்தால் பழைய ஊர்தான். சேர்ந்து ஆடியவர்கள் பிரிந்து, தனித்தனிப் பேட்டைகளுக்கு நடக்க வேண்டும். தலைமுடியைப் பார்த்தே வழியில் அடிப்பவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். 1981இல் சிறையில் உண்ணாவிரதம் இருந்த, அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற தரப்பின் 10 கைதிகள் இறந்தபோது ஊர் மறுபடி கொந்தளித்தது. குழுக்கள் சில லண்டனுக்குப் போயின, சில கலைந்தன. 80களின் தொடக்கத்தோடு அந்த மாடியின் பங்க் காலம் முடிந்துபோயிற்று. இரு தரப்புக்கும் இடையே சமாதான ஒப்பந்தம் ஏற்பட 1998 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட அயர்லாந்தில் இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கவென்றே தொடங்கிய முதல் பள்ளி லாகன் கல்லூரி. பெற்றோர்கள் முன்கை எடுத்து அதைத் தொடங்கியது 1981இல், 28 மாணவர்களோடு. ஹார்ப் பாரின் மாடியில் பிள்ளைகள் தாங்களாகவே கலந்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகு. இன்றும் அத்தகைய கலப்புப் பள்ளிகளில் படிப்பவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தடுப்புச் சுவர்கள் பலவும் அப்படியே நிற்கின்றன.

ஹில் தெருப் பக்கம் இப்போது கதீட்ரல் குவார்ட்டர் என்ற பெயரில் உணவகங்களும் இசை பார்களும் நிறைந்த பகுதி. 2021இல் யுனெஸ்கோ பெல்ஃபாஸ்டை இசை நகரம் என்று அறிவித்தது. ஹார்ப் பார் இருந்த இடத்திலிருந்து சற்று தூரத்தில், கார்டன் தெருவின் பழைய கிடங்கு ஒன்றில், 2007 முதல் ‘ஓ யே’ இசை மையம் இயங்குகிறது. ஒத்திகை அறைகள், வட அயர்லாந்து இசை வரலாற்றுக் கண்காட்சி, பாருக்குள் நுழையும் வயது வராத பிள்ளைகளே நடத்தும் கச்சேரிகள் எல்லாம் அங்கே உண்டு. பிளவுபட்ட பள்ளிகளிலிருந்து இன்றும் வருகிற பிள்ளைகளுக்கு அந்த ஒத்திகை அறை தேவைப்படுகிறது. அதற்குத் தொடர்ந்து பணம் ஒதுக்குவது நகரத்தின் கடமை.